பெங் மீலியா: காடு மூடிய கெமர் கோயிலும் அதன் பழைய ராஜபாட்டையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கம்போடியாவுக்குப் போய் அங்கோர் வாட் பார்த்தவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "காட்டுக்குள்ளே இடிந்து கிடக்கிறதாமே ஒரு பெரிய கோயில், அதற்கு எப்படிப் போவது?" அவர்கள் கேட்பது பெங் மீலியாவை. வழி சொல்வது சுலபம். ஆனால் வழியோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தக் கோயிலை வேரும் பாசியும் படிந்த அழகான இடிபாடாக மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். அது ஒரு பெருஞ்சாலைமேல் இருந்த ஊர். அந்தச் சாலை, அதன் பாலங்கள், சத்திரங்கள், பக்கத்து மலையின் கல்குவாரிகள் எல்லாம் சேர்ந்ததுதான் பெங் மீலியா. கீழே உள்ள பதில்களை அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

பெங் மீலியா எங்கே இருக்கிறது?

வடமேற்குக் கம்போடியாவில், சியம் ரீப் மாகாணத்தில். அங்கோர் கோயில் தொகுதிக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சாலை வழியாகப் போனால் தூரம் இன்னும் கூடும். வடக்கே பார்த்தால் குலென் மலை தெரியும். பழைய கம்போடியாவை ஆண்ட கெமர் அரசர்கள் புனிதமாகக் கருதிய மகேந்திர பர்வதம் அதுதான். இந்தக் கோயிலுக்கான மணற்கல் அந்த மலையடிவாரத்திலிருந்தே வந்தது.

இடத்தேர்வு தற்செயலாக நடந்ததல்ல. அங்கோரிலிருந்து கிழக்கே வரும் பழைய சாலை இங்கேதான் பிரிகிறது. ஒரு கிளை வடகிழக்கே பழைய கெமர் தலைநகரான கோ கெர் வழியாக இன்றைய லாவோஸின் வாட் பூ கோயில் பக்கம் போகிறது. மற்றொன்று நேர் கிழக்கே கம்போங் ஸ்வாயில் உள்ள பெரிய ப்ரீயா கான் கோயிலுக்குப் போகிறது.

யார் கட்டியது? எப்போது?

கட்டியவர் பெயரையோ ஆண்டையோ சொல்லும் கல்வெட்டு எதுவும் இங்கே கிடைக்கவில்லை. சிற்ப வேலைப்பாடு, கட்டட அமைப்பு இவற்றை வைத்து 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்கிறார்கள். அதாவது அங்கோர் வாட்டின் காலம். 1113இல் அரியணை ஏறிய இரண்டாம் சூரியவர்மனின் ஆட்சியோடு இதைச் சேர்ப்பது வழக்கம்.

அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் உறவு சட்டென்று புரியும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று திருச்சுற்று மண்டபங்கள், மூலைகளில் கோபுரங்கள், சிலுவை வடிவில் குறுக்கு மண்டபம், நாகத்தின் உடலே கைப்பிடிச் சுவராக ஓடும் நடைபாதை எல்லாம் அங்கே போலவே. வேறுபாடு இரண்டு. அங்கோர் வாட் படிப்படியாக உயரும் மலை. இது முழுவதும் ஒரே தரைமட்டம். அங்கோர் வாட் மேற்கு பார்த்தது. இது கிழக்கு பார்த்தது.

அளவும் சாதாரணமல்ல. அகழி மட்டும் 45 மீட்டர் அகலம். அது சூழ்ந்திருக்கும் நிலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு 900 மீட்டர். வெளித் திருச்சுற்று 181 மீட்டருக்கு 152 மீட்டர். அகழிக்குள் கோயில் போக மிச்சமுள்ள இடத்தில் மரவீடுகளும் தெருக்களும் இருந்தன. மரமும் ஓலையும் மக்கிப் போயின. கல் மட்டும் நின்றது. 2015இல் விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி ஏறத்தாழ 1,900 சதுர கிலோமீட்டரை அளந்தார்கள். காட்டு மரங்களுக்கு அடியில் மறைந்த குளம், தெரு, மேடு எல்லாம் அந்தப் படங்களில் தெரியவந்தன. கெமர் கோயில்களை நகரங்களின் நடுவில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகு உறுதியாகிவிட்டது.

ஏன் இவ்வளவு மோசமாக இடிந்திருக்கிறது? மரங்கள்தான் காரணமா?

மரங்களும் ஒரு காரணம். ஆனால் முழுப் பழியையும் அவற்றின்மேல் போடக்கூடாது.

கெமர் சிற்பிகள் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்து வைக்கவில்லை. இரண்டு கற்களையும் உரசி உரசி இழைத்து, இடைவெளி தெரியாமல் பொருத்தினார்கள். கூரையைப் பாருங்கள். நடுக்கல் வைத்துப் பூட்டும் வளைவு அது இல்லை. ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். இரண்டு பக்கமும் இப்படி ஏறி உச்சியில் சந்திக்கும். எடை நேராகக் கீழே இறங்கும்வரை அது நிற்கும். ஒரு தூண் சாய்ந்தால் அந்தப் பகுதிக் கூரை முழுவதும் வந்துவிடும்.

இன்னொரு பலவீனத்தைக் கட்டட வேலை தெரிந்தவர்கள் பார்த்தவுடன் பிடித்துவிடுவார்கள். செங்கல் அடுக்கும் கொத்தனார் இணைப்புக்கு மேல் இணைப்பு வரவிடமாட்டார். இங்கே பல சுவர்களில் செங்குத்து இணைப்புகள் ஒரே கோட்டில் மேலேறிப் போகின்றன. அந்தக் கோட்டில்தான் சுவர் பிளக்கிறது. கெமர் கட்டடங்களில் கல் உத்தரத்தின் உள்ளே மர விட்டம் புதைக்கும் பழக்கமும் உண்டு. மரம் உளுத்ததும் உள்ளே வெற்றிடம், மேலே பாரம்.

இதற்குமேல்தான் மரங்கள் வருகின்றன. அத்தி, ஆல் இனத்து விதை பறவை எச்சத்தோடு கூரையிடுக்கில் விழுகிறது. காற்றில் பறந்து வரும் நுண்ணிய விதையிலிருந்து 'ஸ்புங்' என்று கெமரில் சொல்லும் பெருமரம் முளைக்கிறது. இதே மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு. நம் ஊர்க் கோபுரத்தில் அரசங்கன்று முளைத்தால் உழவாரப் பணி செய்கிறவர்கள் ஏறிப் பிடுங்கிவிடுவார்கள். பல நூற்றாண்டு அந்தக் கை இல்லாமல் போனால் கோயில் என்ன ஆகும் என்பதற்குப் பெங் மீலியாதான் சாட்சி. வேர் முதலில் இடுக்கைப் பிளக்கிறது; பருத்தபின் தான் பிளந்த சுவரைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. புயலில் அந்த மரம் சாய்ந்தால் சுவரையும் கூட்டிக்கொண்டு விழும். சிலை திருடர்களும் தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள்.

பிறகு ஏன் எடுத்துக் கட்டவில்லை?

விழுந்த கற்களை அடையாளம் கண்டு, அவற்றையே பழைய இடத்தில் திரும்ப அடுக்கும் முறை ஒன்று உண்டு. டச்சுக்காரர்கள் ஜாவாவில் கையாண்ட அதைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஆன்றி மார்ஷல் கற்றுவந்து, 1931இல் பந்தியாய் ஸ்ரே கோயிலில் தொடங்கினார். அங்கே அருமையாகப் பலித்தது. அது சிறிய கோயில்.

பெரிய கோயிலில் என்ன ஆகும் என்பதற்கு அங்கோரில் உள்ள பாபுவோன் உதாரணம். 1960களில் ஏறக்குறைய 3 லட்சம் கற்களைப் பிரித்து, எண் போட்டு, காட்டில் பரப்பிவைத்தார்கள். போர் வந்தது. எந்தக் கல் எங்கே என்று சொல்லும் ஆவணங்கள் அழிந்தன. 1995இல் மறுபடி தொடங்கி 2011இல்தான் முடித்தார்கள். பெங் மீலியாவின் கற்குவியலைப் பார்த்தால் அதற்கு எத்தனை தலைமுறை வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

என் நிலைப்பாடு: இதை முழுதாக எடுத்துக் கட்ட வேண்டாம். நிற்பதைத் தாங்கிப் பிடித்து, விழுந்ததை விழுந்த இடத்திலேயே காக்க வேண்டும். ஒரு கல் எந்தப் பக்கம், எதன்மேல் விழுந்து கிடக்கிறது என்பதே கட்டடம் எப்படிச் சரிந்தது என்பதற்கான பதிவு. அதைக் கலைத்தால் திரும்பக் கிடைக்காது.

பழைய சாலை என்கிறீர்களே, அது இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, துண்டு துண்டாக. இந்தப் பக்கத்தின் முக்கியமான பதில் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மழைக்காலத்தில் இந்தச் சமவெளி முழுவதும் தண்ணீர் நிற்கும். ஆகவே கெமர் அரசர்கள் சாலையைக் கரைபோல் உயர்த்தி மண்கொட்டிப் போட்டார்கள். வயல்வெளி நடுவே நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் மேட்டைப் பார்த்தால் அது அந்தக் காலத்து வழியாக இருக்க நிறைய வாய்ப்பு. பல இடங்களில் இன்றைய சாலை அதன்மேலேயே போகிறது.

ஓடை குறுக்கிட்ட இடங்களில் செம்பூராங்கல் பாலம் கட்டினார்கள். பெங் மீலியாவுக்குக் கிழக்கே உள்ள ஸ்பியான் தா ஓங் பாலம் 77 மீட்டர் நீளம், 14 கண்கள் (தூண்களுக்கு நடுவே நீர் போகும் வழிகள்). தென்கிழக்கே போகும் மற்றொரு சாலையில் கம்போங் க்டெய் பாலம் 80 மீட்டரைத் தாண்டும், 21 கண்கள். அங்கோர் காலத்துப் பாலம் நவீன நெடுஞ்சாலையின் லாரிகளையும் தாங்கிக்கொண்டிருந்தது. பிறகுதான் வண்டிகளைப் புதுப் பாலத்துக்குத் திருப்பினார்கள். கோயில் கூரையில் பார்த்த அதே உள்தள்ளும் அடுக்குமுறைதான் இங்கும். அப்படி அடுக்கினால் கண் அகலமாக வராது. அதனால் தூண்கள் தடிமனாகவும் நீர் போகும் வழி ஒடுங்கியும் இருக்கும். கைப்பிடிச் சுவர் முனையில் படமெடுத்த நாகம் நிற்கும்.

அடுத்தது சத்திரங்கள். 1181இல் ஆட்சிக்கு வந்த ஏழாம் ஜயவர்மனின் 1191ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கோரின் ப்ரீயா கான் கோயிலில் கிடைத்தது (கம்போங் ஸ்வாய்க் கோயிலின் பெயரே இதற்கும், ஆனால் இது வேறு). சாலைகளில் நெருப்பு வைத்திருக்கும் இல்லங்கள், அதாவது சத்திரங்கள், 121 என்று அது கணக்குச் சொல்கிறது. இன்றைய வியட்நாம் பக்கம் இருந்த சம்பா நாட்டுத் தலைநகர் நோக்கிப் போகும் வழியில் 57, இன்றைய தாய்லாந்தில் உள்ள பிமாய் வழியில் 17, ஊர்களைச் சுற்றிவரும் வழி ஒன்றில் 44, மற்றவை 3. அடுத்தடுத்த சத்திரங்களுக்கு நடுவே மாட்டுவண்டி ஒரு பகலில் நிதானமாகக் கடக்கும் தூரம்தான். இன்று மிஞ்சியிருப்பவை நீள மண்டபமும் அதன் மேற்கு முனையில் ஒரு கோபுரமுமாக இருக்கும். சன்னல்கள் தெற்குச் சுவரில் மட்டுமே. 1296இல் வந்த சீனத் தூதர் சோ தாகுவான், பெருவழிகளில் தங்கி இளைப்பாறும் இடங்கள் இருந்ததைத் தம் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

கோயில் முந்தியது, சத்திரக் கணக்கு பிந்தியது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய எழுபது ஆண்டு இருக்கலாம். சாலையைப் போட்டது ஒரே அரசன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தலைமுறை தலைமுறையாக மேடேற்றி, பாலம் சேர்த்து, சத்திரம் வைத்து வளர்ந்த வழி அது.

கல் எப்படி வந்தது?

குலென் மலையின் தென்கிழக்கு அடிவாரத்தில் பழைய கல்குவாரிகள் இருக்கின்றன. படிபடியாக வெட்டியெடுத்த பாறையில் உளித் தடம் இன்றும் தெளிவாகத் தெரியும். ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்சுவோ உச்சிடா, தம் சக ஆய்வாளரோடு 2012இல் வெளியிட்ட ஆய்வு 50க்கும் மேற்பட்ட குவாரிகளைக் காட்டியது. அங்கிருந்து அங்கோர்வரை கால்வாய்த் தொடர் இருந்ததாகவும், கல் அதில் மிதவையில் போயிருக்கும் என்றும் அந்த ஆய்வு சொல்கிறது.

கோயிலில் கற்களின் முகத்தில் வட்டமான சிறு துளைகளைப் பார்ப்பீர்கள். துப்பாக்கிக் குண்டு பட்ட இடம் என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அவை கல்லைத் தூக்குவதற்காக முளை செருகிய துளைகள்.

உள்ளே எப்படிச் சுற்றுவது?

இன்று எல்லோரும் நுழைவது தெற்கிலிருந்து. கட்டியவர்கள் நினைத்த தலைவாசல் கிழக்கு. ஆகையால் நீங்கள் பக்கவாட்டில் நுழைகிறீர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் வரைபடம் குழப்பாது.

அகழியைத் தாண்டியதும் நடைபாதை முனையில் பல தலை நாகம். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்ததால் செதுக்கிய கோடுகள் அப்படியே கூராக இருக்கின்றன. அங்கோரில்கூட இவ்வளவு நன்றாக மிஞ்சியவை குறைவு. அங்கே நிற்காமல் உள்ளே ஓடிவிடாதீர்கள்.

தெற்கு வாசல் சரிந்து வழியை அடைத்துக் கிடக்கிறது. மரப்படிகளும் பலகை நடைபாதையும் இடிபாட்டின் மேலாகவே கூட்டிப்போகும். இதனால் ஒரு நன்மை: கூரை மட்டத்திலிருந்து கோயிலைப் பார்க்கிறீர்கள். திருச்சுற்றின் முதுகு, அரைவளைவுக் கூரையைத் தாங்கும் தூண் வரிசை, உள்ளே விழுந்த கோபுரம் எல்லாம் கட்டட வரைபடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டியதுபோல் தெரியும். முழுதாக நிற்கும் கோயிலில் இந்தப் பார்வை கிடைக்காது.

நடுக் கோபுரத்தைத் தேடாதீர்கள். அது முற்றிலும் சரிந்துவிட்டது. கற்குவியல்தான் கருவறை இருந்த இடம். இடிந்தது போக, நூலகம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் சிறு கட்டடங்கள் நன்றாகவே நிற்கின்றன. கூரையோடு மிஞ்சிய இருண்ட மண்டபப் பகுதியும் உண்டு. கடைந்த மரக்கால்போல் வளையம் வளையமாகச் செதுக்கிய சன்னல் கம்பிகள் வழியே வெளிச்சம் விழும் சுவர்களை அங்கே பாருங்கள். பிறகு கட்டாயம் கிழக்குப் பக்கம் வெளியே போங்கள். அங்கே கூட்டம் குறையும். கிழக்கே நீளும் நடைபாதையில் நின்று திரும்பிப் பார்த்தால்தான் கோயில் உங்களை நோக்கி நிற்பது தெரியும்.

குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அரை மணியில் படமெடுத்துக்கொண்டு திரும்பும் சுற்றுலாத் திட்டங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்தச் சிற்பங்களைத் தேட வேண்டும்?

அங்கோர் வாட்டில் உள்ளதுபோல் நீண்ட சுவர்ச் சிற்பங்கள் இங்கே இல்லை. கதை எல்லாம் வாசல் உத்தரத்திலும் அதற்கு மேலுள்ள முக்கோண முகப்பிலும்தான். பாற்கடல் கடைதல், கருடன்மேல் வரும் திருமால், சீதையின் தீக்குளிப்பு ஆகியவை உண்டு. சில முகப்புகள் தரையில் கிடக்கின்றன, அதனால் முகத்துக்கு நேரே பார்க்கலாம். பௌத்தச் சாயலுள்ள சிற்பங்களும் இடையிடையே வரும்.

கண்ணிவெடி பயம் உண்டா?

உள்நாட்டுப் போரில் கோயிலும் சுற்றுப்புறமும் கண்ணிவெடி புதைத்த இடங்கள். ஜெர்மனியின் உதவியோடு 2000களில் அகற்றினார்கள். கோயிலிலும் வழக்கமான பாதைகளிலும் தயங்காமல் நடக்கலாம். பழைய சாலையைத் தேடிக்கொண்டு ஆள் நடமாட்டமில்லாத காட்டுக்குள் நீங்களாகவே இறங்கக் கூடாது. தேய்ந்த பாதையைவிட்டு விலகாதீர்கள், உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிப்போங்கள். மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் வந்த வழியே திரும்புங்கள். இதில் துணிச்சல் காட்ட இடமே இல்லை.

கற்குவியல்மேல் ஏறலாமா?

ஏறாதீர்கள். சுற்றுலாப் பயணிகளைக் கல் மேலேற்றிக் கூட்டிப்போக யாராவது முன்வந்தால்கூட வேண்டாம் என்று சொல்லுங்கள். சாந்தில்லாத கல் ஆடும். பாசி வழுக்கும். இடுக்குகளில் பாம்பு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, 900 ஆண்டுக் கோயிலின் செதுக்கல் உங்கள் செருப்புக்கடியில் தேயும்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரிவரை நடக்கச் சுகம். மார்ச், ஏப்ரல் கடும் வெயில். மழைக்காலம் மே முதல் அக்டோபர்வரை. பாசி பச்சையேறி, அகழியில் நீர் நின்று, கோயில் மிக அழகாக இருப்பது செப்டம்பர், அக்டோபரில். ஆனால் பழைய சாலையின் மண்பகுதிகளும் பாலத்துக்குப் போகும் கிளைவழிகளும் அப்போது சேறாகிவிடும். கோயில் மட்டும் போதுமென்றால் மழையின் கடைசி, சாலையும் வேண்டுமென்றால் டிசம்பர்.

டிக்கெட்டும் வண்டியும்?

முன்பு தனிக் கட்டணம் இருந்தது. 2020 முதல் அங்கோர் நுழைவுச்சீட்டே இங்கும் செல்லும்: ஒரு நாள் 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. கிளம்புமுன் விலையை ஒருமுறை சரிபாருங்கள். கோ கெர் கோயிலுக்குத் தனிச்சீட்டு.

சியம் ரீப்பிலிருந்து கார் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், துக்துக் என்றால் இரண்டு மணி நேரம்வரை. 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே இருப்பதால், அங்கிருந்து பெங் மீலியா பக்கம்தான். காலையிலேயே கிளம்பி முதல் ஆளாக உள்ளே போய்விடுவது நல்லது.

சாப்பாடு?

கோயில் வாசலுக்கு எதிரே சிறு கடைகள் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிரஹோக் என்ற மீன் விழுதும் மீன் சாறும் காய்கறிக் குழம்பிலும் சேரும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பந்தியாய் ஸ்ரே வழியாகப் போனால் ப்ரீயா டாக் கிராமத்தில் சாலையோரம் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி செய்துகொண்டிருப்பார்கள். நம் பனைமரமேதான் அது. கம்போடியாவின் தேசிய மரமும் அதுவே. ஓலையில் சுற்றிய வில்லைகளை வாங்கிக்கொள்ளுங்கள், வழிக்கு உதவும்.

தமிழகத்தோடு தொடர்பு உண்டா? சோழர் கட்டியது என்கிறார்களே?

சோழர் கட்டவில்லை. கெமர் மக்களின் அரசு, கெமர் சிற்பிகளின் வேலை. அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து எடுப்பது நியாயமில்லை.

ஆனால் உண்மையான தொடர்புகள் சில இருக்கின்றன. கெமர் எழுத்து பல்லவர் காலத்து எழுத்திலிருந்து வந்தது. பந்தியாய் ஸ்ரேயில் ஆடும் சிவனின் அருகே எலும்பும் தோலுமாக அமர்ந்திருப்பவர் காரைக்கால் அம்மையார் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. 1114ஆம் ஆண்டுச் சிதம்பரம் கல்வெட்டு ஒன்று, காம்போஜ அரசன் முதலாம் குலோத்துங்க சோழனுக்குக் காட்சிப் பொருளாகக் கொடுத்த கல்லைக் கோயிலில் பதித்த செய்தியைச் சொல்கிறது. இந்தக் காம்போஜ அரசனைக் கெமர் மன்னனாகவே வரலாற்றாளர் பலர் கொள்கிறார்கள். அப்படியானால் அது இரண்டாம் சூரியவர்மன் அரியணை ஏறிய மறுவருடம். எனக்கு இது போதும். இரண்டு அரசுகள் ஒன்றையொன்று அறிந்து மதித்தன.

கிழக்கே கம்போங் ஸ்வாய் ப்ரீயா கான்வரை போவது பயனுள்ளதா?

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் தயங்காமல் போங்கள். அங்கோரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் இருக்கிறது. வெளிமதில் ஒவ்வொரு பக்கமும் ஐந்து கிலோமீட்டரை நெருங்கும். கெமர் கோயில் வளாகங்களில் இதைவிடப் பெரியது இல்லை. நீளம் மூன்று கிலோமீட்டர் வரும் ஏரி, மூலைகளில் யானை நிற்கும் ப்ரீயா தம்ரெய் கோயில், நான்கு முகக் கோபுரத்தோடு ப்ரீயா ஸ்டுங் கோயில் எல்லாம் அங்கே உண்டு. அந்த வட்டாரத்தில் குய் என்ற பழங்குடி மக்கள் இரும்பு உருக்கிவந்தார்கள். சாலையை இவ்வளவு கவனமாகப் போட்டதற்கு அந்த இரும்பும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அதே கோயில்தான் அதிகம் கொள்ளைபோனதும். 1873இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெலாபோர்த் சிலைகளைப் பிரான்சுக்கு ஏற்றிப்போனார். 1990களில் சிலை திருடர்கள் சுவரையே துளைத்தார்கள். ஆகவே போகும்போது வழியில் யாராவது பழைய கல் துண்டோ சிலையோ விற்க வந்தால் வாங்காதீர்கள். அதைக் கம்போடியாவிலிருந்து வெளியே கொண்டுபோவது குற்றம்.

பெங் மீலியாவை எட்டு மணிக்கெல்லாம் தொடங்கி, பத்தரைக்குக் கிளம்பி, ஸ்பியான் தா ஓங் பாலத்தில் இறங்கி ஓடைக்கு அருகிலிருந்து அதன் கண்களைப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள். வழியில் சத்திர இடிபாடுகளுக்குக் கிளைப்பாதை காட்ட உள்ளூர் ஓட்டுநர் வேண்டும். அதை முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள். பெட்ரோலும் குடிதண்ணீரும் பெங் மீலியா சந்தியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்குக் கிழக்கே கடைகள் தூரம் தூரமாகத்தான் வரும்.